இடது கையின் அயல்பணி

மனித குலத்தின் வரலாற்றை இனி இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும். தலைமை எழுத்தர் தம் மேல்கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக்கொள்வதற்கு முந்தைய காலம், சுற்றிக்கொண்டதற்குப் பிந்தைய காலம். முந்தைய காலத்தில் மக்கள் உடம்பு சரியில்லை என்றால் படுத்தார்கள், சரியானால் எழுந்தார்கள். எந்த ஆதாரமும் கையில் இல்லாமல் எத்தனையோ தலைமுறைகள் இப்படியே வாழ்ந்து முடித்திருக்கின்றன. நினைத்தாலே வெட்கமாக இருக்கிறது.

தலைமை எழுத்தர் ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் முப்பத்தெட்டு ஆண்டுகள் கோப்புக் கட்டிய கை அவ்வளவு சுலபத்தில் அடங்கிவிடுமா? தெருவுக்கு அவர் இன்னும் தலைமை எழுத்தர்தான். அவர் மனைவியைத் தெரு தையல்காரம்மா என்று அழைத்தது. அந்த அம்மாள் முன்னறை ஜன்னலோரம் கால்மிதித் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடச் சீருடைகள் தைப்பார். பெருத்துவிட்டவர்களின் கால்சட்டைக்கு இடுப்பைப் பிரித்து விடுவார். இருவரும் குடியிருந்தது முதல் மாடியில். ஏறி வரப் பதினேழு படிகள்.

ஊரின் பெரிய மருத்துவமனை ‘வீட்டிலிருந்தே நலம்’ என்றொரு மகத்தான திட்டத்தைத் தொடங்கியது. ‘உங்கள் உடல், உங்கள் பொறுப்பு’ என்பது அதன் முழக்கம். இத்தனை நாளாக அந்தப் பொறுப்பு தங்கள் தலையில் இருந்ததாக மருத்துவமனை நினைத்துக்கொண்டிருந்தது என்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. ரத்த அழுத்தக்காரர்களுக்கெல்லாம் ஓர் அட்டைப்பெட்டி வந்தது. அதற்குள் கையில் சுற்றும் பட்டையோடு ஒரு கருவி, விரலில் மாட்டும் கவ்வி, எடை மேடை, இவற்றோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் ஒரு செல்பேசிச் செயலி. அளவு நன்றாக இருந்தால் செயலியில் பச்சைப் புள்ளி, சுமாராக இருந்தால் மஞ்சள், மோசமென்றால் சிவப்பு.

அப்பாவைத் திட்டத்தில் சேர்த்துவிட்டது வெளியூரில் இருக்கும் மகள்.

“அப்பா, தினமும் காலையில ஏழரைக்கு அளந்து அனுப்பிடணும். அங்க ஒரு நர்ஸ் உட்கார்ந்து பார்த்துட்டே இருப்பாங்க.”

“ஒரு நர்ஸா? எனக்குன்னா?”

“உங்களுக்கு, உங்களை மாதிரி இன்னும் நானூறு பேருக்கு.”

தலைமை எழுத்தர் பதிலின் முதல் வார்த்தையோடு கேட்பதை நிறுத்திக்கொண்டார். தமக்கென்று ஒரு செவிலி இருக்கும்போது தம் உடம்பை அவர் ஏனோதானோவென்று வைத்திருக்க முடியாது. மறுநாளே நீல அட்டை போட்ட பேரேடு ஒன்று திறக்கப்பட்டது. தினமும் காலை ஏழேகாலுக்கு ‘உடல்நல நிலைக்குழு’வின் கூட்டம். தலைவர் அவர். செயலாளர் அவர். உறுப்பினர் தையல்காரம்மா.

“நேற்றைய கூட்ட நடவடிக்கைகளை உறுதி செய்யலாமா?” என்பார் தலைவர்.

“அடுப்புல பால் வச்சிருக்கேங்க.”

“ஆட்சேபம் இல்லன்னு எழுதிக்கிறேன்.”

பிறகு மௌனம். கருவி உறுமும். பட்டை அவர் கையை இறுக்கும். மூச்சை அடக்கி, கண்களை எண்கள்மேல் நட்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவர்போல் அவர் உட்கார்ந்திருப்பார். நூற்று அறுபத்து நான்குக்கு நூற்று இரண்டு. சிவப்பு. மறுபடி அளந்தார். நூற்று எழுபது.

எட்டு மணிக்கே கண்காணிப்புச் செவிலியின் தொலைபேசி வந்துவிட்டது. “சார், கொஞ்சம் அதிகமா இருக்கு. பதட்டப்படாம அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துட்டு அளந்து பாருங்க.”

“நான் எங்கம்மா பதட்டப்படறேன்?” என்று தலைமை எழுத்தர் நிதானமாகக் கேட்டார். அப்படிக் கேட்ட நிதானத்தில் இன்னும் எட்டுப் புள்ளி ஏறியது.

பத்து நாள் தொடர்ந்து சிவப்பு. தம் பிரிவின்மேல் ஒரு சிவப்பு மைக் குறிப்புகூட விழாமல் முப்பத்தெட்டு ஆண்டுகளை ஓட்டிய மனிதர் அவர். அந்தச் சாதனையின் ரகசியம் ரொம்ப எளிமையானது. ஆண்டு ஆய்வுக்கு மேலதிகாரி வருகிற நாளில் தம் பிரிவுப் பதிவேடு அரைகுறையாக இருந்தால், பக்கத்துப் பிரிவின் நிறைவான பதிவேட்டைக் கேட்டு வாங்கி, அட்டையை மட்டும் மாற்றி மேசையில் வைத்துவிடுவார். அதில் பொய் எதுவும் இல்லை. பதிவேடு உண்மை, எழுத்து உண்மை, அதிகாரியின் மகிழ்ச்சியும் உண்மை. அட்டை ஒன்றுதான் வேறு.

பதினோராம் நாள் காலை தையல்காரம்மா காலித் தம்ளரை எடுக்க வந்தார். தலைமை எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார்.

“கையைக் கொஞ்சம் காட்டு. மெஷின் ஒழுங்கா இருக்கான்னு சோதிக்கணும்.”

அந்த அம்மாள் இடது கையை நீட்டினார். நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு. செயலி பச்சையாகப் பூத்தது. “அருமை. இன்று நீங்கள் மிக நலமாக இருக்கிறீர்கள்” என்று ஒரு பெண்குரல் வாழ்த்தியது. தலைமை எழுத்தரின் விரல் ‘அனுப்பு’ என்ற கட்டத்தின்மேல் விழுந்தது. முதல் நாள் அது தவறுதலாக விழுந்தது என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாம் நாளுக்கு அப்படிச் சொல்வதில் சிரமம் இருக்கிறது.

இவ்வாறாக, தையல்காரம்மாவின் இடது கை நாள்தோறும் காலை ஏழரை முதல் இரண்டு நிமிடங்களுக்கு அயல்பணியில் நியமிக்கப்பட்டது.

“உங்க உடம்புக்கு என் கை எதுக்குங்க?” என்று அந்த அம்மாள் கேட்காமல் இல்லை.

“இதென்ன பேச்சு? புருஷன் பெண்டாட்டின்னா உடம்பு ரெண்டு, உயிர் ஒண்ணு. உன் பிரஷர் வேற, என் பிரஷர் வேறன்னு பிரிச்சுப் பேசலாமா?”

கல்யாணம் ஆன முப்பத்தாறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. அந்த அம்மாள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

அப்புறம் பார்க்க வேண்டுமே பச்சையை. மாதம் முழுக்கப் பச்சை, அடுத்த மாதமும் பச்சை. எதிர்வீட்டு ஓட்டுநருக்கும் இதே பெட்டி வந்திருந்தது. பாவம், அவருக்கு வாரம் முழுக்க மஞ்சள். அவர் ரகசியம் கேட்டு வந்தபோது தலைமை எழுத்தர் அவரை நாற்காலியில் உட்கார வைத்து முக்கால் மணி நேரம் விளக்கினார். அந்த விளக்கத்தின் சாரம் ‘ஒழுக்கம்’ என்பது. ஓட்டுநர் மனம் நொந்து வீட்டுக்குப் போனார்.

இவ்வளவு பச்சையான மனிதருக்கு எதற்கு இரண்டு மாத்திரை என்று மருத்துவமனை ஒன்றாகக் குறைத்தது. அதிலிருந்து காலையில் அவருக்குப் பிடரியில் ஒரு வலி. பேரேட்டைப் புரட்டிப் பார்த்தார். ஆவணப்படி அவருக்குத் தலைவலி வர முகாந்திரமே இல்லை. எனவே அது வலி என்ற பெயரில் வந்த வேறு ஏதோ ஒன்று என்று முடிவு செய்தார்.

எண்பதாம் நாள் வாக்கில் மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. தம் நலத்தைத் தாமே பேணுவதில் முதலிடம் பெற்ற நோயாளிக்கு ஒரு விழா எடுத்து, ‘தன்னலச் செம்மல்’ என்ற விருது தரப்போகிறார்களாம். பெயரை வைத்தவர் அதை இரண்டாம் முறை வாசித்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. தலைமை எழுத்தர் நான்கு முறை வாசித்தார், வாயெல்லாம் பல்லாக. அன்றே ஏற்புரை எழுத உட்கார்ந்தார். மாலைக்குள் பதினொரு பக்கம் ஆகிவிட்டது. அதில் மருத்துவமனைக்கு நன்றி இருந்தது, அறிவியலுக்கு நன்றி இருந்தது, செயலியில் பேசும் பெண்குரலுக்குக்கூட ஒரு வரி இருந்தது.

இந்த இடத்தில் இன்னொரு நற்செய்தியையும் சொல்ல வேண்டும். வீட்டில் அமைதி கூடியிருந்தது. முன்பெல்லாம் விடிந்தால் போதும், முன்னறையில் தையல் மெஷின் கடகடவென்று ஓடும். “அளக்கிற நேரத்துல சத்தம் கூடாது” என்று நிலைக்குழு எத்தனையோ தீர்மானம் போட்டும் நிற்காத சத்தம் இப்போது தானாகவே குறைந்துவிட்டது. நாலு தையல் ஓடும், நிற்கும். அப்புறம் ரொம்ப நேரம் ஓடாது. கை வைக்காத சட்டைகள் கூடையில் குவிந்துகொண்டிருந்தன. ‘உறுப்பினரின் ஒத்துழைப்பு பாராட்டத்தக்கது’ என்று பேரேட்டில் எழுதினார் தலைவர்.

ஒருநாள் கடைக்குப் போய் வந்த தையல்காரம்மா மாடிப்படியின் பாதியில் உட்கார்ந்திருந்ததை அவர் மேலிருந்து பார்த்தார்.

“என்ன, அங்கயே உட்கார்ந்துட்ட?”

“மூச்சு வாங்குதுங்க. ஒண்ணுமில்ல, வயசாகுதில்ல.”

“எனக்கும்தான் வயசாகுது. என்னைப் பாரு, தொடர்ந்து எண்பது நாளாப் பச்சை” என்றார் அவர், கொஞ்சமும் கர்வம் இல்லாமல்.

விழாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அது நடந்தது. காலை ஏழரை. அயல்பணிக் கை நீட்டப்பட்டது. கருவி உறுமியது, நின்றது, சந்தேகப்பட்டதுபோல் மறுபடி உறுமியது. திரையில் நாடித்துடிப்பு நூற்று இருபத்தெட்டு. பக்கத்தில் ஒரு குட்டி இதயப் படம் விட்டுவிட்டு மின்னியது. ‘துடிப்பு சீராக இல்லை’ என்றது செயலி, சிவப்பாக. இந்த மாதிரி சிவப்பை அது யாரையும் கேட்காமல் தானே அனுப்பிவிடும்.

தலைமை எழுத்தர் அதிர்ந்துபோனார். உடனே விசாரணை தொடங்கியது.

“நேத்து என்ன சாப்பிட்ட?”

“நீங்க சாப்பிட்டதுதான்.”

“அதிகப்படியா ஏதாவது வேலை செஞ்சியா?”

“தண்ணி கேன் தீர்ந்துபோச்சு. கீழருந்து ஒண்ணு தூக்கிட்டு வந்தேன்.”

“யாரைக் கேட்டுத் தூக்கின? விழாவுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு. இந்தச் சமயத்துல பொறுப்பில்லாம நடந்துக்கலாமா?”

அந்த அம்மாள் பட்டையைக் கழற்றிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

செவிலி அன்றே தலைமை எழுத்தரை மருத்துவமனைக்கு வரச் சொல்லிவிட்டார். அவர் தாம் மட்டும் போனார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். துடிப்பு கடிகாரம்போல் சீராக இருந்தது. அழுத்தம்தான் நூற்று எழுபத்தைந்து.

“பிரஷர் ஏறியிருக்கே டாக்டர்,” என்றார் படம் எடுத்தவர்.

இளம் மருத்துவர் செயலியைத் திறந்து அடுக்கடுக்கான பச்சைப் புள்ளிகளைப் பார்த்தார். பிறகு எதிரில் இருந்த மனிதரைப் பார்த்தார். புள்ளிகளைத்தான் நம்பினார். “சிலருக்கு ஆஸ்பத்திரிக்குள்ள வந்தாலே ஏறும். வீட்டு ரீடிங்தான் சரியானது. துடிப்புல தப்பு காட்டினது மெஷின் கோளாறா இருக்கும். வேற தரச் சொல்றேன்.”

நோயாளிக்கு வைத்தியமாகக் கருவியை மாற்றிக் கொடுத்த அந்த முன்னேற்றத்தை எண்ணி வியந்தபடி தலைமை எழுத்தர் வீடு திரும்பினார். மறுநாள் காலை புதுக் கருவி தையல்காரம்மாவின் கையைப் பற்றியது. துடிப்பு நூற்று முப்பத்து நான்கு. இதயப் படம் மின்னியது. சிவப்பு.

ஐந்து நிமிடத்தில் செவிலி அழைத்தார். இந்த முறை குரலில் அவசரம் இருந்தது.

“சார், ஒண்ணு செய்யுங்க. அதே மெஷினை வீட்டுல வேற யாருக்காவது வச்சுப் பாருங்க. அவங்களுக்கும் இப்படியே காட்டினா மெஷின் கோளாறு. நான் லைன்லயே இருக்கேன்.”

வீட்டில் ‘வேறு யாராவது’ என்றால் அது அவர் மட்டும்தான். தையல்காரம்மா கீழே துணிக்காரர் இறக்கிவிட்டுப் போன மூட்டையை எடுக்கப் போயிருந்தார். தலைமை எழுத்தர் எண்பத்து நாலு நாளுக்குப் பிறகு தம் சொந்தக் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டார்.

“நூத்தி எழுபத்தி ரெண்டுக்கு நூத்தி நாலும்மா. துடிப்பு எழுபத்தெட்டு. படம் மின்னல.”

“அவங்களுக்கு பிரஷர் ரொம்ப அதிகமா இருக்கே. யாரு சார் அவங்க?”

“இங்க... வீட்டுல ஒருத்தர்.”

“அவங்களையும் கூட்டிட்டு வாங்க, விட்றாதீங்க. ஆனா துடிப்பு சரியா இருக்கில்ல, அப்ப மெஷின் நல்லாத்தான் இருக்கு. கோளாறு உங்க நெஞ்சுலதான் சார். நேத்துப் படம் எடுத்தப்போ அது அடங்கி இருந்திருக்கும், சிலருக்கு வந்து வந்து போகும். இன்னைக்கே அட்மிட் ஆகணும். துடிப்பு இப்படித் தாறுமாறா ஓடிட்டே இருந்தா உள்ள ரத்தம் கட்டி மூளைக்குப் போயிரும். அப்புறம் கை கால் விழுந்துடும், இல்ல உயிருக்கே ஆபத்து. கேட்குதா சார்?”

கேட்டது. கேட்ட முதல் நொடியில் தலைமை எழுத்தருக்குத் தோன்றியது, ‘அப்பாடா, நமக்கில்லை’ என்பதுதான். இதை மறைப்பதற்கில்லை.

இரண்டாம் நொடியில் அது யாருடைய நெஞ்சு என்று உறைத்தது. செல்பேசியும் கையுமாகக் கதவுக்கு ஓடினார். ஒன்பதாம் படியில் தையல்காரம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். துணி மூட்டை நாலு படி கீழே உருண்டு கிடந்தது. உதடு வெளுத்திருந்தது. வலது கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். இடது மேல்கையில் பட்டை இறுக்கிய தடம் இன்னும் சிவந்து தெரிந்தது. அவர் வந்து நிற்பதைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. மூச்சை எண்ணி எண்ணி இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டிருந்தார்.

தலைமை எழுத்தர் பயந்துவிட்டார். வேலைபோய்விடுமோ, மெமோ வருமோ என்றெல்லாம் பயந்து பழகியவர்தான். ஆனால் அதெல்லாம் பயமே இல்லை என்று இப்போது தெரிந்தது. இவள் இல்லாமல் இந்தப் பதினேழு படியை ஏறி மேலே போய் என்ன செய்வது என்று நினைத்தார். விருதும் ஏற்புரையும் கண்முன் வந்தன, இல்லாமல் இல்லை. வந்த வேகத்திலேயே போய்விட்டன.

“சார்? லைன்ல இருக்கீங்களா?”

“அம்மா, ஒரு சின்ன எழுத்துப் பிழை நடந்துபோச்சு.”

“என்ன பிழை?”

“நோயாளின்னு இருக்கிற இடத்துல என் பேரு வந்துட்டுது. அந்த நெஞ்சு என்னோடது இல்ல. என் சம்சாரத்தோடது.”



“எத்தனை நாளா சார்?”

“எண்பத்தி நாலு நாளா,” என்றார் தலைமை எழுத்தர். கணக்கில் அவர் ஒருபோதும் தவறியதில்லை.

“ஆம்புலன்ஸ் வருது. அவங்களை ஒரு படிகூட ஏறவோ இறங்கவோ விடாதீங்க. பக்கத்துல போய் உட்காருங்க சார்.”

அவர் போய் உட்கார்ந்தார். நிலைக்குழுத் தலைவராக இருந்த காலத்தில் உறுப்பினரிடம் பேச அவருக்கு எவ்வளவோ வார்த்தை இருந்தது.

“அழாதீங்க,” என்றார் தையல்காரம்மா, மூச்சுக்கு நடுவில். “உங்களுக்கு பிரஷர் ஏறிடும்.”

மருத்துவமனையில் ஊசி போட்டார்கள், சொட்டு மருந்து ஏற்றினார்கள். மதியத்துக்குள் துடிப்பு அடங்கி வந்தது. இன்றைக்காவது வந்தது நல்லது, நேற்றே வந்திருந்தால் இன்னும் நல்லது, அடுத்த வாரம் வந்திருந்தால் வந்தே பிரயோசனம் இல்லை என்றார் பெரிய மருத்துவர். போகிறபோக்கில் தலைமை எழுத்தரின் கையிலும் பட்டையைச் சுற்றி அளந்து, எண்ணைப் பார்த்து முகம் சுளித்து, பழைய இரண்டு மாத்திரையையும் திரும்ப எழுதிக் கொடுத்தார்.

அதற்குப்பின் திட்ட அலுவலர் வந்தார். கழுத்துப்பட்டி அணிந்த, மிகவும் கவலைப்பட்ட மனிதர். நோயாளியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கணவரைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய் ரகசியக் குரலில் பேசினார்.

“சார், விழா அழைப்பிதழ் எல்லாம் போயாச்சு. உங்க பச்சையை வச்சுத்தான் நம்ம ஆண்டறிக்கையே நிக்குது. இதைப் பெருசு பண்ண வேண்டாமே.”

“அது என் பச்சை இல்லையே.”

“அதனால என்ன சார்? புருஷன் பெண்டாட்டின்னா உடம்பு ரெண்டானாலும் உயிர் ஒண்ணுதானே?”

எவ்வளவு கண்ணியமான வாதம். தலைமை எழுத்தருக்கு இதைக் கேட்டதும் எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. வார்டுக்குத் திரும்பி வந்தார்.

கட்டிலருகே ஒரு செவிலி தாளும் பேனாவுமாக நின்றிருந்தார். தொலைபேசியில் கேட்ட அதே குரல். பார்க்க வேண்டும் என்பதற்காகவே கண்காணிப்பு அறையிலிருந்து இறங்கி வந்திருக்கிறார்.

“உங்க கையை எனக்கு மூணு மாசமாத் தெரியும்மா. ஆளைத்தான் இன்னைக்குப் பார்க்கிறேன்,” என்று தையல்காரம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார். “புதுசா ஃபைல் போடணும் சார். அவங்களைப் பேச வைக்க வேண்டாம், நீங்களே சொல்லுங்க. வயசு?”

ஃபைல் என்றதும் தலைமை எழுத்தருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. “ஐம்பத்தி... அறுபது. அறுபதுக்குள்ள.”

“எடை?”

“நடுத்தரம்.”

“தொடர்ந்து மாத்திரை ஏதாவது எடுத்துக்கறாங்களா?”

“இல்ல.”

“தைராய்டுக்கு ஒண்ணு எடுத்துக்கறேன்மா,” என்றார் தையல்காரம்மா, கண்ணை மூடியபடியே. “எட்டு வருஷமா.”

செவிலி எழுதிக்கொண்டார். “எத்தனை நாளா மூச்சு வாங்குது?”

“இன்னைக்குக் காலைல...” என்று தொடங்கினார் கணவர்.

“ஒரு மாசமா,” என்றார் மனைவி.

“கடைசி கேள்விதான் சார். நோயை முதல்ல கவனிச்சது யாரு? என்ன உறவுன்னு எழுதணும்.”

இதற்காவது விடை தெரிந்ததில் தலைமை எழுத்தர் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். “கணவர்னு போடும்மா.”

தையல்காரம்மா கண்ணைத் திறந்தார்.

“அப்படி எழுதாதம்மா. பி.பி. மெஷின்னு போடு. இவரு முப்பத்தாறு வருஷமா பிடிச்ச கை இது. அது தினம் ரெண்டு நிமிஷம்தான் பிடிச்சது.”